தடையாணை இல்லாத தடை: பொது நூலகமும் நூல் தேர்வு அதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

நூல் தடை அரசாணையால் மட்டும் நிகழ்வதன்று. பொதுப் பணத்தில் நூல் வாங்கும் அதிகாரத்தின் வழியாகவும் அது நிகழக்கூடும். அரசாணைத் தடைக்குக் காரணம் கூறும் கடமை உண்டு. நீதிமன்றத்தில் முறையிடும் வழியும் உண்டு. நூலகக் கொள்முதலில் விடுபடும் நூலுக்கு இவ்விரண்டும் உறுதிசெய்யப்படவில்லை. தடைசெய்யப்பட்ட நூலுக்குச் சட்டம் வழங்கும் குறைந்தளவு உரிமை, தேர்வுபெறாத நூலுக்கும் நூலகத்திலிருந்து நீக்கப்படும் நூலுக்கும் வழங்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

திறவுச் சொற்கள்: நூல் தடை, பொது நூலகச் சட்டம், இராவண காவியம், நூல் கொள்முதல், பள்ளி நூலகம்.

முன்னுரை

தமிழ் நூல்களின் வரலாற்றில் 1948ஆம் ஆண்டு இரண்டு செய்திகளுக்காக நினைக்கப்பட வேண்டியது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் அவ்வாண்டுக்குரியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. சீ. இரா. அரங்கநாதன் பல்லாண்டுகள் இடைவிடாது வலியுறுத்தி வந்ததும், அன்றைய கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அதனை ஏற்று முன்னெடுத்ததும் அச்சட்டம் உருவாகக் காரணங்களாயின. புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம் தடைசெய்யப்பட்டதும் அதே 1948இல்தான். இரண்டும் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையின் காலத்தில் நிகழ்ந்தவை.

ஊர்தோறும் நூல் சென்று சேர வேண்டும் என்று சட்டம் இயற்றிய அரசே, எந்த நூல் சென்று சேரக் கூடாது என்றும் முடிவு செய்தது. இவ்விரு செயல்களையும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. எனினும், நூலை மக்களிடம் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்கும் அரசு, அப்பொறுப்பினாலேயே நூலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலையும் பெற்றுவிடுகிறது என்பதை இங்குக் கருத வேண்டும். அவ்வாற்றல் தடையாணையாக வெளிப்படும்போது நாம் அதனை அடையாளம் காண்கிறோம். கொள்முதல் பட்டியலில் ஒரு பெயர் இல்லாமையாக வெளிப்படும்போது அடையாளம் காண்பதில்லை. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

தடைக்கும் சட்டம் உண்டு

இராவண காவியம் ஐந்து காண்டங்களும் 3100 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். 1946இல் வெளிவந்தது, 1948இல் தடைசெய்யப்பட்டது, 1971இல் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகள் இருபத்து மூன்று. அக்காலத்தில் தமிழ் பயின்று தமிழாசிரியராகிய ஒரு முழுத் தலைமுறை, இருபதாம் நூற்றாண்டில் மரபு யாப்பில் எழுந்த பெருங்காப்பியம் ஒன்றைப் பொது நூலகத்தில் எடுத்துப் படிக்க வழியில்லாமல் இருந்தது. ஒரு நூல் தடைப்படும்போது அந்நூலைப் பற்றிய உரையும் திறனாய்வும் மறுப்பும் சேர்ந்தே தடைப்படுகின்றன. காவியத்தின் கருத்தை மறுக்க விரும்பியவருக்கும் அத்தடை இழப்பே.

ஆயினும் அத்தகைய தடைக்கு ஒரு வடிவம் உண்டு. இன்று மாநில அரசு ஒரு நூலைத் தடைசெய்ய விரும்பினால் அதற்குச் சட்டம் வகுத்த நெறி இருக்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் இருந்த அந்நெறி, 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். தன் கருத்துக்கான காரணங்களை அதில் கூற வேண்டும். அந்நூலில் உரிமையோ நலனோ உடைய எவரும் இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு அதனை விசாரிக்கும்.

இந்நெறி எழுத்தளவில் நின்றுவிடவில்லை என்பதற்குத் தமிழில் தோன்றிய நூல் ஒன்றே சான்று. பெரியாரின் இராமாயணப் பாத்திரங்கள் பற்றிய நூல் ‘சச்சீ ராமாயண்’ என்ற பெயரில் இந்தியில் வெளிவந்தது. உத்தரப் பிரதேச அரசு 1969இல் அதனையும் அதன் ஆங்கில வடிவத்தையும் பறிமுதலுக்குரியன என அறிவித்தது. இந்தி நூலை வெளியிட்ட லலாய் சிங் யாதவ் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை நாடி வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1976இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின்வழி உச்ச நீதிமன்றமும் அரசின் ஆணை செல்லாது என்றது. குறித்த பக்கங்களைப் பட்டியலிட்டிருந்த அரசு, அவை ஏன் குற்றமாகும் என்பதற்கான காரணங்களைக் கூறவில்லை. காரணம் கூறாத ஆணை நிலைக்காது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தடைச் சட்டம் நல்லது என்பது இதன் பொருளன்று. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியின் உள்துறை 25 நூல்களை ஒரே அறிவிக்கையில் பறிமுதலுக்குரியன என அறிவித்ததும் இதே 98ஆம் பிரிவின்கீழ்தான். ஆனால் அங்கும் ஓர் ஆணை இருக்கிறது. 25 நூல்களின் பெயர்கள் இருக்கின்றன. கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது.

தடைசெய்தவர் விட்டுச்சென்ற சான்றுகள்

ஆய்வாளர் என்ற நிலையிலிருந்து நோக்கினால் இதில் ஒரு விந்தை புலப்படும். குடியேற்ற அரசு நூல்களைக் கண்காணிக்கும் நோக்கத்துடன் 1867இல் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, அச்சான நூல்களின் விவரங்கள் காலாண்டுப் பட்டியல்களாகத் தொகுக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோருக்கு இன்று அப்பட்டியல்களே முதன்மைச் சான்றுகள். 1928இல் பாரதியின் பாடல் தொகுதிகளை முதலில் பர்மா அரசும், அதனைத் தொடர்ந்து சென்னை அரசும் பறிமுதல் செய்தன. அதனை எதிர்த்துச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி முதலியோர் குரலெழுப்பினர். ஆணையும் உரைகளும் ஆவணங்களாக நிலைத்தமையால் அவ்வரலாற்றை நாம் எழுத முடிகிறது. குடியேற்றக் காலத்தில் தடைசெய்யப்பட்ட இந்திய வெளியீடுகளின் படிகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் தனித்தொகுப்பாகவே பேணப்படுகின்றன. ஒடுக்கியவர் ஒடுக்கியதைப் பதிவு செய்தார். அப்பதிவே பின்னாளில் ஒடுக்குமுறைக்கு எதிரான சான்றாயிற்று.

அந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பற்றியது. நூல்கள் அதன் வரம்பில் இல்லை. கண்காணிப்பு நீங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும், எந்த நூல் வெளிவந்தது, எது பொது நூலகத்தை அடைந்தது, எது அடையவில்லை என்பதற்கான பதிவை மக்களாட்சி தன் வழியில் உருவாக்கிக்கொள்ள வேண்டிய தேவை இதனால் கூடியிருக்கிறது.

வாங்காமை

இக்கட்டுரையாளர் இளமுனைவர் பட்ட ஆய்வின்போது தற்காலப் புனைகதை நூல்கள் சிலவற்றைத் தேடி ஒரு மாவட்டத்தின் மைய நூலகத்திற்கும் சில கிளை நூலகங்களுக்கும் சென்றதுண்டு. தேடிய நூல்களில் பல அங்கில்லை. நூலகர் ஒருவரிடம் காரணம் கேட்டபோது, “எங்களுக்கு வருவதை வைத்திருக்கிறோம், வராததைப் பற்றி எங்களுக்குத் தெரியாது” என்றார். அவர் கூறியதில் பொய்யில்லை, அவர்மீது குறையுமில்லை. அந்நூல்கள் கொள்முதலுக்கு அனுப்பப்படவே இல்லையா, அனுப்பப்பட்டுத் தரம் குறைந்தனவாகக் கருதப்பட்டனவா, பணம் போதாமல் விடுபட்டனவா, யாரேனும் ஒருவருக்குப் பிடிக்காமல் ஒதுக்கப்பட்டனவா என்பதை அறிய அவருக்கும் வழியில்லை, கேட்டவருக்கும் வழியில்லை. இந்நான்கில் முதல் மூன்றும் இயல்பானவை. நான்காவது தணிக்கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன என்பதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. சொத்து வரியுடன் சேர்த்துத் தண்டப்படும் நூலக வரி இவற்றிற்கு ஆதாரம். அதாவது, நூலகத்தின் பக்கமே செல்லாதவரும் அதற்கு வரி செலுத்துகிறார். இப்பணத்தில் வாங்கப்படும் நூல்களின் தேர்வு பெரிதும் மையப்படுத்தப்பட்டது. ஓர் ஊரின் புத்தகக் கடை ஒரு நூலை வாங்கவில்லையென்றால் இன்னொரு கடை வாங்கும். மாநிலம் முழுவதற்குமான பட்டியலில் ஒரு நூல் இல்லையென்றால், சிற்றூரில் வாழும் வாசகருக்கு அந்நூல் இல்லவே இல்லை. விலை கொடுத்து வாங்க இயலாதவர்க்கே பொது நூலகம் இன்றியமையாதது; ஆதலால் விடுபடும் நூலின் இழப்பும் அவருக்கே மிகுதி. சில நூறு படிகள் அச்சிடும் சிறு பதிப்பகத்துக்கோ நூலக ஆணை கிடைத்தால் அச்சுச் செலவு மீளும். கிடைக்காவிடில் அடுத்த நூலுக்கான துணிவு குறையும். எதனை எழுதினால் நூலக ஆணை கிடைக்காது என்ற ஐயம் எழுத்தாளரின் மேசைக்கே வந்துவிடுமாயின் எந்தத் தடையாணையும் தேவைப்படாது.

எழுதப்படாத தடைக்கும் எழுதப்பட்ட முடிவுக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு விளக்கும். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக, ஆட்சி மாற்றத்திற்குப்பின் 2011 நவம்பரில் அமைந்திருந்த அரசு அறிவித்தது. அறிவித்தமையால் மக்கள் அறிந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அம்முடிவுக்குத் தடை விதித்தது. நூலகம் இன்றும் நூலகமாக நிற்கிறது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலை அரசு தடைசெய்யவில்லை. ஆனால் 2015 சனவரியில் மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில், விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாக அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வொப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது என 2016 சூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தாள் ஒன்று இருந்தமையால்தான் அதனை நீதிமன்றத்தில் வைக்க முடிந்தது. கொள்முதலில் விடுபட்ட நூலின் ஆசிரியர் எந்தத் தாளை நீதிமன்றத்தில் வைப்பார்?

தேர்வு தணிக்கையாகுமா?

இங்கு எழக்கூடிய மறுப்பு நேர்மையானது. எந்த நூலகமும் எல்லா நூல்களையும் வாங்க இயலாது. தேர்வு இல்லாமல் நூலகம் இல்லை. வாங்காத ஒவ்வொரு நூலையும் தடைசெய்யப்பட்ட நூல் என்பது மிகை என்பர். இதனை இக்கட்டுரை ஏற்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்த ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரிய வழக்கு இவ்விடத்தில் கருதத்தக்கது. நியூயார்க் மாநிலப் பள்ளி வாரியம் ஒன்று தன் பள்ளி நூலகங்களிலிருந்து சில நூல்களை நீக்கியது. பிகோ என்ற மாணவர் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். நூலிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக ஏற்கெனவே நூலகத்தில் உள்ள நூலை நீக்கக் கூடாது என்று நீதிபதி பிரென்னன் தம் கருத்துரையில் கூறினார். புதிதாக நூல் வாங்கும் உரிமையை இத்தீர்ப்பு தொடவில்லை என்றும் அவர் வரையறுத்தார். மாறுபட்ட கருத்தெழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட், வாங்காமையும் நீக்குதலைப் போலவே வாசகருக்கு நூலை இல்லாமல் ஆக்குகிறதே என்று அவ்வேறுபாட்டையே கேள்விக்குள்ளாக்கினார். வாரியத்தின் உரிமையை நிலைநாட்டவே அவர் அவ்வாறு வாதிட்டார். அவருடைய முடிவை ஏற்காமலே அவர் சுட்டிய உண்மையை நாம் ஏற்கலாம். வாசகரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

ஆகவே தேர்வு கூடாது என்பது இங்கு வாதமன்று. தேர்வையும் தணிக்கையையும் பிரித்தறிய உதவும் அடையாளம் வேண்டும் என்பதே வாதம். காரணம் கூறக்கூடியது தேர்வு; காரணத்தை மறைக்க வேண்டியிருப்பது தணிக்கை. தேர்வுக்குழுவினர் நேர்மையாளராக இருப்பின், காரணப் பதிவு அவர்களுக்கே முதற்காப்பு. ஆளுங்கட்சியின் விருப்பத்திற்கு ஏற்ப நூல்கள் வாங்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டை ஒவ்வோர் ஆட்சியிலும் கேட்கிறோம். அது உண்மையாயின் மெய்ப்பிக்கவும், பொய்யாயின் மறுக்கவும் பதிவு ஒன்றே துணைசெய்யும்.

பள்ளி நூலகம்

பள்ளி நூலகத்தில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. சிறுவர்க்கு எல்லா நூலும் ஏற்றதன்று. வயதறிந்து நூல் தருவது ஆசிரியரின் கடமை. ஆனால் ‘வயதுக்கு ஏற்றதன்று’ என்பதும் ‘எங்கள் கருத்துக்கு ஏற்றதன்று’ என்பதும் வெவ்வேறு. முன்னதைக் கூறத் தகுதியுடையவர்கள் ஆசிரியரும் நூலகரும்; அவர்கள் நூலைப் படித்துவிட்டுக் கூற வேண்டும். பின்னதைக் கூறுபவர் பெரும்பாலும் நூலைப் படித்திருப்பதில்லை. ஒரு பக்கத்தின் படத்தையோ ஒரு தொடரையோ பார்த்திருப்பார். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கு அத்தகைய முறையீடு வரும்போது அவர் தனித்து நிற்கிறார். நூலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது அவருக்கு எளிய வழி. எழுத்து வடிவிலான நடைமுறை ஒன்று இருந்தால் அவர் பூட்ட வேண்டியதில்லை. முறையீட்டை உரிய குழுவுக்கு அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை நூலை மாணவர் கையில் இருக்க விடலாம். நடைமுறை என்பது இங்கு அஞ்சுபவருக்கு அளிக்கப்படும் துணை.

பல்கலைக்கழகமும் விலக்கன்று

அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது ஆய்வாளருக்கு அழகன்று. 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ என்ற நூலை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. மாணவர் அமைப்பொன்றின் முறையீட்டைத் தொடர்ந்து நிகழ்ந்தது அது. சில ஆண்டுகளாகப் பயிற்றுவிக்கப்பட்டுவந்த நூல் அது. அதனை முன்பு பாடமாக வைத்ததும் ஒரு பல்கலைக்கழகக் குழுவே. அக்குழுவின் அறிவார்ந்த முடிவைப் புறத்திலிருந்து வந்த ஒரு முறையீடு மாற்றியது. பாடத்திட்டத்திலிருந்து நீங்கும் நூல் மெல்ல நூலகத் தேவைப் பட்டியலிலிருந்தும் நீங்கும். பின்னர் ஆய்வுத் தலைப்புகளிலிருந்தும் நீங்கும். ஆய்வு மாணவர் தலைப்பைத் தேர்ந்தெடுக்கையில், “இது வேண்டாம், சிக்கல் வரும்” என்ற அன்பான அறிவுரையைக் கேட்காதவர் நம்முள் மிகச் சிலரே. அவ்வறிவுரையும் பதிவில்லாத தடையே.

செய்யத்தக்கவை

2024இல் தமிழ்நாடு அரசு பொது நூலகங்களுக்கான நூல் கொள்முதலுக்கு வெளிப்படைத்தன்மையை நோக்கமாகக் கொண்ட கொள்கையொன்றை வகுத்து, விண்ணப்ப முறையை இணையவழிக்குக் கொண்டுவந்துள்ளது. இது நல்ல தொடக்கம். ஆனால் கொள்கை ஓர் அரசின் விருப்பம். அடுத்த அரசு அதனை மாற்றலாம். ஆதலால் பின்வருவன பொது நூலகச் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

முதலாவது, கொள்முதலுக்கு வந்த நூல்கள், தேர்வானவை, தேர்வாகாதவை ஆகிய மூன்று பட்டியல்களும் ஆண்டுதோறும் வெளியிடப்பட்டு நிலையாகப் பேணப்பட வேண்டும். தேர்வாகாத ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டி அறிவிக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று குறிக்கப்பட வேண்டும். ‘பணப் பற்றாக்குறை’ என்பதும் காரணமே, அதனையும் எழுதலாம்.

இரண்டாவது, ஆசிரியரோ பதிப்பாளரோ வாசகரோ மறுஆய்வு கோர, குறித்த கால எல்லையுடன் வழி வேண்டும். மறுஆய்வு செய்பவர் முதல் தேர்வில் பங்கேற்றிராதவராக இருத்தல் வேண்டும். தேர்வுக்குழுவினரின் பெயர்களைப் பணி முடிந்தபின் வெளியிட்டால் புற அழுத்தமும் குறையும், பொறுப்பும் நிலைக்கும்.

மூன்றாவது, நூலகத்திலிருந்து கழிக்கப்படும் நூல்களுக்கு ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் பார்வைக்குரிய நீக்கப் பதிவேடு வேண்டும். சிதைந்தமையால் கழிக்கப்பட்டதா, முறையீட்டால் எடுக்கப்பட்டதா என்பது அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். பள்ளி நூலகத்திற்கும் இது பொருந்தும்.

நான்காவது, கொள்முதல் தொகையில் ஒரு பகுதியேனும் அந்தந்த நூலகத்தின் வாசகர் கோரிக்கைப்படி செலவிடப்பட வேண்டும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்ற அரங்கநாதனின் நெறி, வாசகரைக் கேளாமல் நிறைவேறாது.

ஐந்தாவது நமக்குரியது. ஒவ்வொரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் தன் வட்டாரத்தில் வெளிவரும் நூல்களின் ஆண்டுப் பட்டியலைத் தொகுத்து, ஒரு படியையேனும் பேணலாம். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகம் நாட்டின் நான்கு வைப்பு நூலகங்களுள் ஒன்று என்பது நமக்கு வாய்த்த பேறு. எனினும் சிறு பதிப்பகங்களின் நூல்களும் தாமே அச்சிட்டு வெளியிடுவோரின் நூல்களும் அங்குச் சென்று சேர்வதை உறுதிசெய்ய, துறைகள் துணைநிற்க வேண்டும்.

முடிவுரை

இராவண காவியம் மீண்டது. அதனைத் தடைசெய்த ஆணை இருந்தமையால், அவ்வாணையை நீக்கும் ஆணையும் பிறக்க முடிந்தது. ஆணையின்றி மறைந்த நூலை எந்த ஆணையால் மீட்பது? அதன் பெயரை அறிந்தவர் இருக்கும்வரையே அது இருக்கும்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்ச் சமூகத்துக்கு வாய்த்த அரிய கொடை. அதே ஆண்டுத் தடை அக்கொடையின் நிழல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சட்டத்தின்கீழ் வாங்கப்படாத ஒரு நூலைப் பற்றி “ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டால், எழுத்தில் விடை பெறும் உரிமை அவருக்குச் சட்டமாக்கப்படவில்லை. தடைசெய்யப்பட்ட நூலுக்கு 1976இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அந்த ஒற்றைச் சொல்லுக்கான விடையை, வாங்கப்படாத நூலுக்கும் வழங்குவது பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தமன்று. ஒரு பட்டியல், ஒரு காரணம், ஒரு கால எல்லை ஆகியவை போதும். நூலக வரி செலுத்தும் ஒவ்வொருவரும் இதனைக் கேட்கலாம். நூல்களால் வாழும் ஆய்வாளர்களாகிய நாம் கேட்டே ஆக வேண்டும்.